படிக்காமல் எடுத்த பிரதிகள்

ஓலைச்சுவடிக் காலத்தில் ஒரு நூலுக்கு இரண்டாவது பிரதி வேண்டுமென்றால் யாராவது ஒருவர் உட்கார்ந்து அதை முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடுவரை படித்தாக வேண்டும். அச்சு வந்த பிறகும் எழுத்துக் கோப்பவர், மெய்ப்புப் பார்ப்பவர் என்று இரண்டு பேர் கண்ணிலாவது பட்டுத்தான் பிரதிகள் பெருகின. இன்று ஒரு வீட்டின் லட்சக்கணக்கான கோப்புகளை ஒரே இரவில் ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிடலாம். அவற்றில் ஒன்றைக்கூட யாரும் திறந்து பார்க்க வேண்டியதில்லை. காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதி மட்டும் விடிவதற்குள் வந்துவிடும். அந்த நிம்மதியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற சந்தேகம் எனக்கு வந்தது சிங்கப்பூரின் தோ பாயோவில்.

லோரோங் 8 பக்கம் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தம் வீட்டுக் கணினிகளில் இருப்பதையெல்லாம் ஒரே டிஸ்க்கில் ஒழுங்குபடுத்தித் தரும்படி கேட்டிருந்தார். எத்தனை கணினிகள் என்று கேட்டேன். வீட்டுக்காரர்களுக்கே எண்ணிச் சொல்ல நேரம் பிடித்தது. விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய மேசைக்கணினி; மகள் பல்கலைக்கழகத்தில் படித்தபோது வாங்கிய மேக்புக்; ஆசிரியருடைய விண்டோஸ் மடிக்கணினி; மருமகனின் அலுவலக மடிக்கணினி; பேத்தியின் பள்ளிக் குரோம்புக். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) முழுமையாகத் திட்டமிட்டு 1960களின் நடுவில் கட்டத் தொடங்கிய நகரம் தோ பாயோ. மூன்று தலைமுறை ஒரே வட்டாரத்தில் வாழ்ந்துவிட்ட வீடுகள் இங்கே நிறைய. பழைய கணினியைத் தூக்கிப்போட மனம் வராது. புதியது வேறு வந்துகொண்டே இருக்கும். 2020 ஏப்ரலில் 'சர்க்யூட் பிரேக்கர்' என்ற கொவிட் முடக்கம் அறிவிக்கப்பட்டுப் பள்ளிக்கூடமே வீட்டுக்கூடத்துக்கு வந்தபோது எல்லா இயந்திரங்களும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன. அதைத் தொடர்ந்து, உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் கருவி என்ற திட்டத்தை 2028க்குக் காத்திராமல் 2021க்கே கல்வி அமைச்சு முன்னே கொண்டுவந்தது. வீட்டின் ஞாபகம் ஐந்து இடங்களில் சிதறியது இப்படித்தான்.

"எல்லாத்தையும் இதுல போட்டுக் குடுத்துடுங்க தம்பி. எனக்குப் பின்னாடி பிள்ளைங்க தேடி அலையக் கூடாது" என்று முஸ்தபா கடையில் வாங்கி வைத்திருந்த நான்கு டெராபைட் டிஸ்க்கை நீட்டினார். மேக்கில் செருகினால் 4 என்று காட்டிய அந்த டிஸ்க், விண்டோஸில் 3.63 என்று காட்டியது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று ஒரு கணம் அவர் முகம் மாறியது. தயாரிப்பாளரும் ஆப்பிளும் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது வடிவச் சிக்கல். விண்டோஸுக்கு உகந்த என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், அதில் எழுதாது. இரண்டும் எழுதுவதற்கு எக்ஸ்ஃபேட் இருக்கிறது. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது கம்பியை உருவினால் அதில் சேதம் எளிதில் வரும். மேக்கின் டைம் மெஷின் தனக்கென்று தனி வடிவம் கேட்கும். கொடுத்த இடம் முழுவதையும் நிரப்பும். நிரம்பியதும் பழைய நகல்களை அழித்துக்கொண்டே மேலே போகும். ஆகவே பாகப்பிரிவினையை முதலிலேயே முடித்துவிடுவது குடும்பத்துக்கு நல்லது என்ற விதி டிஸ்க்குக்கும் பொருந்தும். மேக்குக்கு அளந்து ஒரு பங்கு கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பொதுவாக வைத்தோம்.

மருமகனின் அலுவலக மடிக்கணினியைத் தொடவில்லை. அதில் இருப்பது நிறுவனத்தின் சொத்து. நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களை வீட்டு டிஸ்க்கில் இறக்கிவைக்க நமக்கு உரிமை கிடையாது. 2012இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைச் சும்மா விடாது. அதிலிருந்த அவருடைய சொந்தப் படங்களை அவரே எடுத்துக் கொடுத்தார். எதைக் காப்பது என்ற கேள்விக்கு முன்னால் எது நம்முடையது என்ற கேள்வி நிற்பதை அந்த ஒரு கணினி காட்டிவிட்டது.

பொதுப் பங்கில் நான் ஃபோல்டர்களைக் கணினி வாரியாகப் போட்டிருந்தேன்: பழைய மேசைக்கணினி, மேக்புக், ஐயாவின் மடிக்கணினி என்று. ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "எந்தப் பெட்டியில இருந்துச்சுங்கிறது எதுக்குத் தம்பி? யாரோடது, எந்த வருசம், அது தெரிஞ்சாப் போதாதா?" என்றார்.

எளிய கேள்விதான், ஆனால் ஆவணக் காப்பகங்களில் நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் வழக்கின் ஒரு பக்கம் அது. ஆவணங்களை அவை எங்கிருந்து வந்தனவோ அந்த மூலத்தின்படி, வந்த வரிசை குலையாமல் வைக்க வேண்டும் என்பது காப்பகத்தாரின் மரபு. ஒரு தாள் எந்தக் கட்டில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதும் சாட்சியம் என்பது அவர்கள் வாதம். தேடி வருபவரோ பொருளையும் பெயரையும் கொண்டுதான் கேட்பார். இரண்டும் நியாயம் என்பதால் டிஸ்க்கிலும் இரண்டும் தேவைப்பட்டன. ஒரு பகுதியில் இயந்திரங்களின் நகல், இருந்தது இருந்தபடி. இன்னொரு பகுதியில் மனிதர்களின் சேமிப்பு, ஆள்வாரியாக, ஆண்டுவாரியாக. முதலாவது கணினி கெட்டுப்போனால் மீட்க. சில மாதங்களில் புதிய நகல் வந்து பழையதைத் தள்ளிவிடும். இரண்டாவது தள்ளப்படக் கூடாதது. இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. 2007இல் வந்த டைம் மெஷினும் 2012இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த ஃபைல் ஹிஸ்டரியும் முதல் வேலையைக் கச்சிதமாகச் செய்கின்றன. இரண்டாவதை எந்த மென்பொருளும் செய்யாது. அதற்கு ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

படிக்கத் தொடங்கியதும் தெரிந்தது, ஒரே கோப்பு மூன்று இடங்களில் மூன்று விதமாக இருந்தது. பள்ளி நாடகம் ஒன்று மேசைக்கணினியில் ஒரு வடிவில். மடிக்கணினியில் முடிவு மாறிய வடிவில். மகளின் மேக்கில் அவள் தட்டச்சுப் பிழை திருத்திய வடிவில். 'இறுதி', 'இறுதி 2', 'இதுதான் இறுதி' என்ற பெயர்களில் எதையும் நம்ப முடியவில்லை. சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தவர்கள் பட்ட பாடு இதுதான். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிடுவதற்கு முன் ஊர் ஊராகப் பிரதி தேடி, பாடபேதங்களை எதிரெதிரே வைத்துப் பார்த்துத் தீர்மானித்தார். சுவடிகளில் பேதம் வந்ததற்குக் காரணம், பெயர்த்து எழுதியவர் படித்தபடி எழுதியது. அவர் அயர்ந்த இடத்தில் ஓர் எழுத்து விழுந்தது; புரியாத இடத்தில் புரிந்த சொல் ஒன்று வந்து உட்கார்ந்தது. கணினி அப்படி அயர்வதில்லை. அது எடுக்கும் நகலில் ஓர் எழுத்தும் பிசகாது. தான் எடுத்தது என்னவென்றும் அதற்குத் தெரியாது. மனிதப் பிரதியின் பிழையையும் மனிதப் பிரதியின் அறிவையும் நாம் ஒருசேர இழந்திருக்கிறோம். பிழை போனதில் வருத்தமில்லை. அறிவை வேறு வழியாகத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

புகைப்படங்கள் இதைவிட மோசம். டிஜிட்டல் கேமராக்கள் 9999 வரை எண்ணிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குபவை. இரண்டு கேமராக்களின் படங்களை ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒரே பெயரில் இரண்டு படங்கள் மோதும். 'மாற்றவா?' என்று கணினி கேட்கும். அவசரத்தில் 'சரி' என்றால் ஒரு பிறந்தநாள் இன்னொரு பிறந்தநாளின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். லோரோங் 6இல் 1979இல் கட்டப்பட்ட டிராகன் விளையாட்டிடத்தில் எடுத்த படம் இல்லாத தோ பாயோ வீடு குறைவு. இந்த வீட்டிலும் பேத்தி டிராகன் தலைமேல் ஏறி நிற்கும் படம் இருந்தது, மூன்று பிரதிகளாக. ஒன்று கேமராவிலிருந்து நேரே வந்தது. எடுத்த நாளும் நேரமும் கோப்புக்குள்ளேயே பதிந்திருந்தன. மற்ற இரண்டும் வாட்ஸ்அப் வழியாகச் சுற்றி வந்தவை. அளவு சுருங்கி, உள்ளே இருந்த தேதியும் உரிக்கப்பட்டிருந்தது. வெளியே தெரிந்த தேதி யாரோ நகலெடுத்த நாள். மூலம் கிடைத்த படத்துக்குக் கவலையில்லை. வாட்ஸ்அப் பிரதி மட்டும் எஞ்சியிருந்த படங்களுக்கு என்ன செய்வது? ஆசிரியரின் மனைவி அப்படியொன்றைத் திரையில் பார்த்துக்கொண்டே, "இது அவளுக்கு முன்பல்லு விழுந்த சமயம். தொடக்கநிலை ஒண்ணு" என்றார். எந்தக் கோப்பிலும் இல்லாத தேதி அந்த ஒரு வாயில் இருந்தது. ஃபோல்டருக்கு ஆண்டு கிடைத்தது.

பேத்தியின் குரோம்புக்கில் வேறு வகையான வெறுமை. அவள் தன் கட்டுரைகளைக் கணினியோடு ஒத்திசைத்த கூகுள் டிரைவ் ஃபோல்டரிலிருந்து ஏற்கெனவே 'எடுத்து' வைத்திருந்தாள். ஒவ்வொன்றும் ஒரு கிலோபைட்கூட இல்லை. கூகுள் டாக்ஸ் கோப்பை அப்படியே இழுத்துப்போட்டால் வருவது எழுத்து இல்லை, எழுத்து இருக்கும் இடத்துக்கான சுட்டி. பள்ளிக் கணக்கு மூடப்படும் நாளில் அந்தச் சுட்டி எதையும் சுட்டாது. பட்டியலில் பெயர்கள் வரிசையாக இருக்கும், நகலெடுத்தாயிற்று என்று டிஸ்க்கும் சாதிக்கும். ஒவ்வொன்றையும் திறந்து, வேர்டு கோப்பாகவோ பிடிஎஃப்பாகவோ இறக்கிய பிறகுதான் கட்டுரைகள் உண்மையில் வந்து சேர்ந்தன.

மேசைக்கணினியில் காத்திருந்தது இன்னொன்று. 1990களின் இறுதியில் ஆசிரியர் தட்டச்சுசெய்த சிறுகதைகளும் நாடகங்களும் ஒரு பைட் குறையாமல் அங்கே இருந்தன. திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக ஒரே கிறுக்கல். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென்று ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. இதற்கொரு பொதுத் தரம் வேண்டும் என்று 1997 மே மாதம் 'தமிழ்நெட் 97' மாநாட்டில் கூடிப் பேசியதே இந்தச் சிங்கப்பூரில்தான். இணையத்தில் தமிழ் ஏறுவதற்கு ஆரம்பத்தில் உழைத்த, 'கணியன்' மென்பொருளை உருவாக்கிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி இங்கேதான் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தார், 1999இல் காலமானார். பிறகு திஸ்கி என்ற குறியேற்றம் வந்தது, டாப், டாம் வந்தன, கடைசியில் யூனிகோடு எல்லாவற்றையும் ஓரங்கட்டியது. மாறாமல் இருந்த கோப்பு, தன்னைச் சுற்றியிருந்த உலகம் மாறியதால் ஊமையாகிப் போனது.

மாற்றி மென்பொருள்கள் உண்டு. மாற்றினோம். வந்ததை ஆசிரியர் உரக்கப் படித்துச் சரிபார்த்தார். சில இடங்களில் 'கோ' என்ற எழுத்து, ஏகாரக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டிருந்தது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 'கோயில்' என்று தேடினால் மட்டும் அந்த இடங்கள் அகப்படவில்லை. படித்தாலும் தெரியாத பிழை உண்டு, தேடினால்தான் தெரியும் என்பதை அன்று கற்றோம். ஏட்டில் எழுதியவர்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை.

பொதுவெளியில் இந்த வேலையைச் செய்து காட்டிய முன்னுதாரணம் சிங்கப்பூரில் உண்டு. அருண் மகிழ்நன் முன்னின்று நடத்திய தமிழ் மின்மரபுடைமைத் திட்டம், 1965 முதல் 2015 வரையிலான ஐம்பதாண்டு சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தில் ஏறத்தாழ 350 நூல்களை மின்னூலாக்கி, நாட்டின் பொன்விழா ஆண்டான 2015இல் வாசகரிடம் சேர்த்தது. தேசிய நூலக வாரியம் கைகொடுத்தது, தொண்டூழியர்கள் உழைத்தார்கள். பின்னர் நாடகம், இசை, நடனம் என்று அதன் எல்லை விரிந்தது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது தொழில்நுட்பம் இல்லை. ஒரு சமூகம் தன் நூல்களைத் தேடி, எடுத்து, வரிசைப்படுத்தியது. எதெல்லாம் இருக்கிறது என்று தனக்கே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டது. தோ பாயோ வீட்டில் நாங்கள் செய்தது அதன் மிகச் சிறிய பதிப்பு.

அழிப்பதைப் பற்றியும் பேசியாக வேண்டும். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள இடமிருக்கிறது என்பதாலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்கிறோம். நம் மரபில் பழஞ்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளைத் தேடிப்போன உ.வே.சா.வுக்கு, அவை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டன, ஆகமம் அப்படித்தான் சொல்கிறது என்ற பதில் கிடைத்ததை 'என் சரித்திரம்' பதிவு செய்திருக்கிறது. பழுதான ஏட்டைப் பெயர்த்து எழுதிவிட்டுப் பழையதை விடுவது ஒரு முறை. பெயர்த்து எழுதும் பாதி மறந்துபோய், விடும் பாதி மட்டும் சடங்காக மிஞ்சியதுதான் கேடு. பழைய மடிக்கணினியை விற்பதற்கு முன், நகலைத் திறந்து பார்க்காமல் உள்ளிருப்பதை அழித்துவிடுகிறவர் செய்வதும் அந்த ஓமம்தான்.

எங்கே வைப்பது என்பதற்கு ஒரு விதி புழக்கத்தில் இருக்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் 2000களின் நடுவில் எழுதிய நூலால் பரவிய விதி இது. தமிழருக்கு இதன் கடைசிப் பகுதியை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. மறு பிரதி இருந்தவற்றை மறுபடியும் வாங்கலாம். அந்த ஒரு கூரையின் கீழ் மட்டும் இருந்த ஏடுகள் போனது போனதுதான். இன்று நூலகம் நிறுவனம் ஈழத்து எழுத்துகளை ஒவ்வொன்றாக மின்பிரதியாக்கிவருவதற்குப் பின்னால் அந்த ஞாபகமும் இருக்கிறது.

கணினியோடு எப்போதும் பிணைத்தே வைத்திருக்கும் டிஸ்க்கும் அதே கூரையின் கீழ்தான் இருக்கிறது. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை போன்ற பணயத் தீநிரல்கள், கணினியைப் பூட்டும்போது அதில் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். ஆகவே வேலை முடிந்ததும் கழற்றிவைக்க வேண்டும். எங்கே? 1990களின் இறுதிக்குப் பிறகு கட்டிய வீவக வீடுகளில், எல்லாரும் 'பாம் ஷெல்டர்' என்று சொல்கிற கான்கிரீட் அறை இருக்கும். தோ பாயோவின் பழைய புளோக்குகளில் அது கிடையாது. ஈரப்பதம் மிகுந்த ஊர் என்பதால் கேமரா வைத்திருப்பவர்கள் வாங்கும் உலர்பெட்டியே இங்கே டிஸ்க்குக்கும் இடம் கொடுத்தது. வெளியிடப் பிரதிக்கான இரண்டாவது டிஸ்க், கிழக்கிலிருந்து மேற்குவரை ஐம்பது கிலோமீட்டர்தான் இருக்கும் இந்தத் தீவில் இருந்தால் போதாது என்று ஆசிரியருக்குத் தோன்றியது. தஞ்சாவூரிலிருக்கும் தம்பி வீட்டுக்கு, ஊருக்குப் போகும்போது கைப்பையில் வைத்துக் கொண்டுபோனார். அந்தக் காலத்தில் இங்கிருந்து பணமும் சேலையும் போன அதே வழி.

ஊருக்குப் போகும் டிஸ்க் தொலைந்தால் என்ன ஆவது என்று கடவுச்சொல் போட்டுப் பூட்டினோம். உடனே அடுத்த கேள்வி வந்தது. திருடனுக்குத் திறக்காத டிஸ்க், கடவுச்சொல் தெரியாத மகளுக்கும் திறக்காது. இவர் எதற்காக இந்த வேலையைத் தொடங்கினாரோ அந்த நோக்கமே இங்கே பூட்டிக்கொள்ளும். கடைசியில் கடவுச்சொல்லும், டிஸ்க்கில் என்னென்ன இருக்கிறது என்ற ஒரு பக்க அட்டவணையும் தாளில் எழுதப்பட்டு, வீட்டுப் பத்திரங்களோடு போய்ச் சேர்ந்தன. நான்கு டெராபைட்டைத் திறக்கும் சாவி பேனாவால் எழுதியதாக இருப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சிங்கப்பூரில் வெளியாகும் ஒவ்வொரு அச்சு நூலிலும் இரண்டு பிரதிகளைத் தேசிய நூலக வாரியத்துக்குப் பதிப்பாளர் தர வேண்டும் என்பது சட்டம். கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களை இன்று வீட்டிலிருந்தே படிக்க முடிகிறது. தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாறுகளைப் பதிந்துவருகிறது. ஆனால் அரங்கேறியதோடு நின்றுவிட்ட ஒரு பள்ளி நாடகம், தமிழ்மொழி விழாவுக்காக எழுதிய உரை, வைராவிமட காளியம்மன் கோயிலில் நடந்த கல்யாணத்தில் பாட்டி பாடிய பாட்டு ஆகியவற்றைக் கேட்டு வாங்க எந்தச் சட்டமும் வராது. அவற்றுக்கு இருக்கும் ஒரே நூலகம் அந்த டிஸ்க். அதன் நூலகரும் அந்த வீட்டார்தான்.

நூலகரின் வேலை வாங்கி அடுக்குவதோடு முடிவதில்லை. ஆண்டுக்கொரு முறை டிஸ்க்கைச் செருகி, ஒவ்வொரு ஃபோல்டரிலும் சிலவற்றைத் திறந்து பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். நாள் பார்ப்பதும் சிரமமாக இல்லை. சரஸ்வதி பூசைக்குப் புத்தகத்தை அடுக்கி வைத்தால் விஜயதசமியன்று எடுத்து நாலு வரியாவது படிக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். டிஸ்க்கும் அந்த அடுக்கில் சேர்ந்துகொண்டது. திறக்காத கோப்பை அன்றே பழைய கணினியிலிருந்தோ தஞ்சாவூர்ப் பிரதியிலிருந்தோ மீட்கலாம். எவரும் படிக்க விரும்பாததை நீக்கலாமா என்று எல்லாரும் கூடியிருக்கும்போதே பேசி முடிக்கலாம். கணினி எடுத்த பிரதி, ஒருவர் உட்கார்ந்து படிக்கும்போதுதான் பிரதியாகிறது. அதுவரை அதற்கு டிஸ்க்கில் இடம் மட்டுமே இருக்கிறது.